உள்ளே இருந்தது வேறு கார்டு

கோயம்புத்தூரிலிருந்து வந்த அந்த மெசேஜை முதலில் சந்தோஷமாகத்தான் படித்தேன். கட்டட வடிவமைப்பு நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் ஒரு பெண் அனுப்பியிருந்தாள். ஏற்காட்டில் அவர்கள் ஒரு பெரிய ரிசார்ட் கட்டப்போகிறார்கள். கட்டி முடித்தபின் அது எப்படி இருக்கும் என்று, உள்ளே நடந்து போய்ப் பார்ப்பது போல ஒரு வீடியோ வேண்டும். உள்ளூர் ஆள் செய்தால் மலையும் மரமும் சரியாக வரும் என்று யாரோ என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள்.

‘வேலையைத் தருவதற்கு முன்னால் உங்கள் கம்ப்யூட்டரில் என்ன கிராபிக்ஸ் கார்டு இருக்கிறது, அதில் எத்தனை ஜிபி மெமரி என்று தெரிய வேண்டும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்கள். எங்கள் ஃபைல் மிகவும் பெரியது, சின்ன கார்டில் திறக்காது’ என்று கடைசியில் எழுதியிருந்தாள்.

எனக்கு அது மனப்பாடம். கார்டின் பெயரையும் ‘பன்னிரண்டு ஜிபி’ என்பதையும் உடனே டைப் செய்துவிட்டேன். ஸ்கிரீன்ஷாட்டும் சேர்த்து அனுப்பிவிடலாம் என்றுதான் கையை நிறுத்தினேன்.

நான் சேலத்தில் சிவில் டிப்ளமோ படித்தவள். கல்யாணமாகி ஏற்காடு மலையில் இருக்கும் நாகலூருக்கு வந்தேன். கணவர் பக்கத்துக் காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பது, பறித்து வரும் பழத்தை எடை போடுவது எல்லாம் அவர் பொறுப்பு. நான் வீட்டிலிருந்தே, காட்டேஜ் கட்டுகிறவர்களுக்குக் கம்ப்யூட்டரில் படம் போட்டுக் கொடுக்க ஆரம்பித்தேன். வெறும் பிளானைக் கொடுத்தால் போதும், சுவர், ஓடு, ஜன்னல் வழியே விழும் வெயில் வரைக்கும் போட்டோ எடுத்ததைப் போலச் செய்து தருவேன். அதற்குத்தான் அந்தப் பெரிய கார்டு. நானே உழைத்துச் சேர்த்து வாங்கியது.

என் பணத்தில் அதை வாங்கி வந்து பொருத்தியது என் பெரியப்பா மகன். ஏற்காட்டில் ஒண்டிக்கடைப் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். கூடப் பிறந்தவர் இல்லை என்று யாரும் சொல்ல முடியாத அளவுக்கு அண்ணன். கார்டைப் பெட்டியிலிருந்து எடுத்தபோது, குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் பிடித்துக் காட்டினார்.

“இதுதான் கண்ணு உன் மெசினோட உசுரு. பன்னெண்டு ஜிபி. பத்தரமா வெச்சுக்கோணும்” என்றார்.

ஸ்கிரீன்ஷாட் எப்படி எடுப்பது என்று எனக்குத் தெரியும், கார்டு விவரம் எங்கே இருக்கும் என்றுதான் தெரியாது. இத்தனை வருஷத்தில் பார்க்கத் தேவைப்பட்டதில்லை. இணையத்தில் தேடினேன். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும், அதில் பெர்ஃபார்மன்ஸ் என்ற பக்கத்தில் கீழே பாருங்கள் என்று போட்டிருந்தது. அப்படியே செய்தேன்.

வேறு ஏதோ பெயர் இருந்தது.  பிறகு கீழே இன்னொரு வரி இருப்பதைப் பார்த்தேன். முதலாவது பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சாதாரணமான ஒன்றாம், தனிக் கார்டு இரண்டாவதாகக் காட்டுமாம். ‘அட, இதைப் போய்ப் பார்த்தோமே’ என்று எனக்கே சிரிப்பு வந்தது. இரண்டாவதை அழுத்தினேன்.

அதுவும் என் கார்டு இல்லை. பெயர் பழைய மாடலுடையது. மெமரி நான்கு ஜிபி.

கம்ப்யூட்டர்தான் தப்பாகக் காட்டுகிறது என்று முடிவு செய்தேன். டிவைஸ் மேனேஜரில் பார்த்தேன். அதே பெயர். ரன் பெட்டியில், கார்டு விவரத்தைக் காட்டும் டிஎக்ஸ்டயாக் என்ற கட்டளையை அடித்துப் பார்த்தேன். அதே பெயர், அதே நான்கு. மெசினை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். மாறவில்லை. கடைசியில் மின்சார வயரைப் பிடுங்கிவிட்டு, சமையலறையிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்து வந்து பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். நான் வாங்கியது நீளமாக, இரண்டு விசிறி வைத்திருக்கும். உள்ளே ஒற்றை விசிறியோடு குட்டையாக ஒரு கார்டு உட்கார்ந்திருந்தது. என்னுடையது இருந்த இடத்தில் பாதிதான் நிறைந்திருந்தது.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஐப்பசி மழையின்போது நடந்தது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

அந்த மழையில் மெசின் நடுவில் நடுவில் நின்றுபோனது. ஈரம் இறங்கியிருக்கும், அண்ணனிடம் கொடுத்துச் சுத்தம் பண்ணிக் கொண்டுவருகிறேன் என்று கணவர்தான் எஸ்டேட் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார். திருப்பிக் கொண்டுவந்தபோது அண்ணனும் கூடவே வந்து, வயரெல்லாம் அவரே செருகி, ஓட்டிக் காட்டிவிட்டுப் போனார். நான் டீ போட்டுக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து வேலை ஓடவில்லை. முன்பு சமையல் முடிவதற்குள் வந்துவிடும் படம், நாள் முழுக்க ஓடியும் பாதியில் நின்றது. மெமரி போதவில்லை என்று எழுத்து வரும். அண்ணனுக்குப் போன் செய்தால், “சாப்ட்வேரு புதுசு கண்ணு, டிரைவர் பழசாயிருச்சு, மாத்திப் பாக்கலாம்” என்பார். இன்னொரு முறை, “மலைக்கு மேல ஈரம் அப்பிடி. எல்லா மெசினும் இப்பிடித்தான் இழுக்குது” என்றார். நம்பினேன். ஃபைல் திறக்க வேண்டுமே என்று படத்திலிருந்த மரங்களை எடுக்க ஆரம்பித்தேன். சில்வர் ஓக் வரிசையை எடுத்தேன், அதில் படர்ந்திருந்த மிளகுக் கொடியை எடுத்தேன், காப்பிச் செடிகளை எடுத்தேன். வாழவந்தியில் காட்டேஜ் கட்டிக்கொண்டிருந்த ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, இது ஏற்காடுங்களா, இல்ல ஏதாச்சும் மொட்டைப் பாறைங்களா?” என்று கேட்டார். அடுத்த வேலையை அவர் எனக்குத் தரவில்லை.

தப்பு என்னிடம்தான் என்று நினைத்துக்கொண்டேன். புதிதாக எதையும் கற்றுக்கொள்ள முடியாத வயசு வந்துவிட்டதோ என்று நினைத்தேன். தினமும் சாப்பிடும்போது கணவரிடம் இதையேதான் சொல்லிக்கொண்டிருப்பேன், சில நாள் அழுதும்விடுவேன். அவர் பொறுமையாகக் கேட்பார். “கண்ணு வலிக்குதுன்னு சொன்னியே, டாக்டரப் பாத்தா என்ன?” என்று அவரே ஒரு நாள் லீவு போட்டு, கொண்டை ஊசி வளைவுகளில் மெதுவாக வண்டியை இறக்கி, சேலத்துக்குக் கூட்டிப்போனார். டாக்டர் லேசாகப் பவர் இருக்கிறது என்றார். பிரேமைக் கணவர்தான் தேர்ந்தெடுத்தார். திரும்பும்போது எனக்குப் பிடிக்கும் என்று இனிப்பும் வாங்கிக் கொடுத்தார். இவ்வளவு அக்கறையாக இருக்கிற மனுசனுக்குப் பாரமாகிவிட்டோமே என்று அன்றைக்கு எனக்குக் கண் கலங்கியது.

பங்குனி மாத வெயில் ஜன்னலில் விழுந்துகொண்டிருந்தது. கழற்றிய தகட்டைத் திரும்ப மாட்டாமல் அப்படியே விட்டேன். அண்ணன் கடையில் வேலை செய்கிற யாராவது மாற்றியிருப்பார்கள், அண்ணனுக்கே தெரியாமல் நடந்திருக்கும் என்றுதான் அப்போதும் நினைத்தேன். கணவரைப் பற்றி எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அவர் வந்ததும் சொல்லி, இரண்டு பேரும் போய்க் கேட்கலாம் என்று காத்திருந்தேன்.

சாயங்காலம் வந்தார். வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். நான் துண்டைக் கொடுத்துவிட்டுச் சொன்னேன்.

“ஏனுங்க, கம்ப்யூட்டர்ல இருக்கற கார்டு என்னுது இல்லைங்க.”

குழாயை மூடினார். காலைத் துடைத்தார்.

“அண்ணன்கிட்ட இன்னும் கேக்கலதானே?” என்றார்.

“இல்லைங்க. ஏன்?”

“கேக்க வேண்டாம், உடு. நானே பேசிக்கறேன். சும்மா கொஞ்ச நாளைக்குன்னுதான் வெச்சது.”

அண்ணன் பெயரை நான் எடுக்கவே இல்லை. என்ன கார்டு என்று அவர் கேட்கவில்லை. என்னுது இல்லையென்றால் வேறு யாருது என்று கேட்கவில்லை. நீ எப்படிக் கண்டுபிடித்தாய் என்றுகூடக் கேட்கவில்லை. அதற்குப் பதில் எதையாவது கேட்டிருந்தால், அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நான் அன்றைக்கு நம்பியிருப்பேன்.

அவர் என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார். கழற்றிவைத்த தகட்டைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. தாண்டிப் போனார். நான் சாப்பாடு போட்டேன். அவர் எஸ்டேட்டில் காப்பி நன்றாகப் பூத்திருப்பதைப் பற்றிச் சொல்லிக்கொண்டே சாப்பிட்டார்.

மறுநாள் காலை அவர் வேலைக்குப் போனதும் பஸ் ஏறி ஏற்காட்டுக்குப் போனேன். அண்ணன் அப்போதுதான் கடையைத் திறந்து, மேஜையில் யாருடைய லேப்டாப்பையோ பிரித்து வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும், “வா கண்ணு, டீ சொல்லட்டுமா?” என்றார்.

“என் கார்டு எங்கண்ணா?”

அவர் கையிலிருந்ததைக் கீழே வைத்தார். “மாப்பிள்ளை சொல்லிட்டாரா?”

“நீங்க சொல்லுங்க.”

லேப்டாப்பை ஓரமாகத் தள்ளிவைத்தார். பிறகு சொன்னார். ஐப்பசியில் எஸ்டேட் முதலாளியின் மகன் பங்களாவில் வந்து தங்கியிருந்தார். அவருடைய கம்ப்யூட்டரில் கார்டு எரிந்துபோனது. கேம் விளையாட முடியவில்லை என்று அவசரப்படுத்தினார். புதுசு வர நாளாகும் என்று அண்ணன் சொல்லிவிட்டார். அப்போது கூட நின்றிருந்தவர் என் கணவர்.

“மாப்பிள்ளைதான் சொன்னாரு. ‘எங்க ஊட்ல ஒண்ணு இருக்குதுங்க, இந்தா கொண்டாந்துடறேன்’னு மொதலாளி மகன்கிட்ட சொல்லிட்டாரு. அப்பறம்தான் எங்கிட்ட வந்தாரு.”

“நீங்க ஒண்ணும் சொல்லலையா?”

“சொன்னேன் கண்ணு. சாமி சத்தியமா சொன்னேன். தங்கச்சி அதுலதான் தொழிலே பண்ணுதுன்னு சொன்னேன். ‘வேற ஒண்ணப் போட்டுக் குடுங்க. படம் வந்தா சரி. அவளுக்கு அது தெரியவா போவுது’ன்னாரு.”

அதைச் சொன்னதும் அவரே தலையைக் குனிந்துகொண்டார்.   நான் அந்தக் கடைக்கு வந்தது திருடனைப் பிடிக்க. கணவர் தெரிந்தும் மறைத்தார், அவ்வளவுதான் என்று பஸ்ஸில் வரும்போது மனசைத் தேற்றிக்கொண்டு வந்திருந்தேன். யோசனையே அவருடையது என்று தெரிந்தபோது, பஸ்ஸில் தேற்றிக்கொண்டதெல்லாம் ஒன்றுமில்லாமல் போனது.

“நான் எத்தனை தடவ போன் பண்ணேன் அண்ணா? டிரைவருன்னீங்க. ஈரம்னீங்க.”

“என்னத்தச் சொல்லுவேன்? உங்க ஊட்டு விசயம். நான் போட்டுக் குடுத்து உங்களுக்குள்ள சண்டை வந்துட்டா? அவரு எப்படியும் திருப்பிக் குடுத்துருவாருன்னு நெனச்சேன்.”

“அந்த முதலாளி மகன் இன்னும் பங்களாவுலதான் இருக்காரா?”

“அவரு கார்த்திகையிலயே ஊருக்குப் போயிட்டாரு. மெசினு பங்களாவுலதான் கெடக்குது. திருப்பிக் கேக்க மாப்பிள்ளைக்குக் கூச்சம்.”

“வண்டிய எடுங்க” என்றேன். அண்ணன் மறுக்கவில்லை. கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்தார்.

எஸ்டேட் பங்களாவுக்கு நான் அதுவரை போனதில்லை. காப்பிப் பூ வாசம் வழியெல்லாம் தலையை வலிக்கச் செய்தது. முதலாளியின் மனைவி வராந்தாவில் உட்கார்ந்து மல்லித்தழை கிள்ளிக்கொண்டிருந்தார். ரைட்டர் சம்சாரம் என்று சொன்னதும் உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னேன். அழுதுவிடக் கூடாது என்று சுருக்கமாகச் சொன்னேன்.

“அது உன்னுதா?” என்று அவர் எழுந்துவிட்டார். “ரைட்டர் அவரு ஊட்ல சும்மா கெடந்ததக் கொண்டாந்தாருன்னு என் பையன் சொன்னான். உன் பொழப்புல இருந்து எடுத்ததுன்னு தெரியாதேம்மா. ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே குடுத்தனுப்பியிருப்பேனே.”

உள்ளே ஓர் அறையில் அந்தக் கம்ப்யூட்டர் போர்வை போர்த்திக் கிடந்தது. அண்ணன் வயரைச் செருகினார். நான்தான் கீபோர்டில் அந்த மூன்று விசையையும் அழுத்தினேன். என் கார்டின் பெயர் வந்தது. கீழே பன்னிரண்டு ஜிபி. பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த கோடு தரையோடு தரையாகப் படுத்திருந்தது. எந்த வேலையும் இல்லாமல் கார்டு சும்மா இருப்பதாக அர்த்தம். நான் ஒவ்வொரு மரமாக அழித்துக்கொண்டிருந்த மாதங்கள் முழுக்க, இது இப்படிப் போர்வைக்குள் தூங்கியிருக்கிறது.

கழற்றி வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது, எடை போடும் கொட்டகையிலிருந்து கணவர் பார்த்துவிட்டார். ஓடி வந்தார். அண்ணன் வண்டிப் பக்கம் நகர்ந்து போய்விட்டார்.

“இங்க எதுக்கு வந்த? எங்கிட்ட சொன்னா நான் வாங்கியாந்திருப்பேன்ல? மொதலாளியம்மா என்ன நெனைப்பாங்க?” என்றார். அவருடைய முதல் பயம் அதுதான்.

“எனக்குத் தெரியவா போவுதுன்னு சொன்னீங்களாமே?”

அவர் அண்ணன் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தார். “ஒரு பேச்சுக்குச் சொன்னதும்மா. புதுசு வந்ததும் மாத்திடலாம்னுதான் இருந்தேன். அப்பறம் நீயும் கண்டுக்கல, அப்படியே போயிருச்சு.”

“கண்டுக்கிட்டேனுங்க. தெனமும் உங்ககிட்டதான் சொன்னேன். மெசினு ஓட மாட்டேங்குது, எனக்கு என்னமோ ஆயிருச்சுன்னு சொன்னேன். நீங்க என்னைக் கூட்டிட்டுப் போயி கண்ணாடி வாங்கிக் குடுத்தீங்க.”

 பக்கத்தில் ஆட்கள் பார்க்கிறார்கள் என்பதுபோல அவர் ஒரு முறை கொட்டகையைப் பார்த்தார். என் குரல் உயரவே இல்லை, யாருக்கும் கேட்டிருக்காது. நான் அண்ணன் வண்டியில் ஏறிக்கொண்டேன்.

கார்டை வீட்டில் நானே பொருத்தினேன். அண்ணன் கையை நீட்டினார், வேண்டாம் என்று தலையாட்டினேன். எந்தக் கொக்கியை அழுத்த வேண்டும், எந்த வயரை எதில் செருக வேண்டும் என்று அவர் வாயால் மட்டும் சொன்னார். போகும்போது, “எம்மேல கோவமா கண்ணு?” என்று கேட்டார். “ஆமாங்கண்ணா” என்றேன். அவர் அதை எதிர்பார்க்கவில்லை. இப்போதும் விசேஷங்களில் பார்த்தால் பேசிக்கொள்கிறோம். மெசினுக்கு ஏதாவது வந்தால் மட்டும் நானே பிரித்துப் பார்த்துக்கொள்கிறேன்.

கோயம்புத்தூர்ப் பெண்ணுக்கு, தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பினேன். அவள் ஒரு சின்ன ஃபைலை அனுப்பிச் சோதித்தாள், பிறகு முழு வேலையையும் கொடுத்தாள். வீடியோவில் மரம் ஒன்றையும் குறைக்கவில்லை. மூடுபனி நகர்ந்து விலகும்போது காட்டேஜ் தெரிவது போலச் செய்திருந்தேன். அவர்களுக்குப் பிடித்துப்போய் அடுத்த வேலையும் வந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை, என் கையும் கண்ணும் நன்றாகத்தான் இருந்தன என்று தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. வழக்கமாகச் சொல்கிற ஆளிடம் சொல்ல முடியவில்லை.

அவர் மன்னிப்புக் கேட்டார். இரண்டு மூன்று முறை வெவ்வேறு விதமாகக் கேட்டார். “கார்டுதான் வந்துருச்சே, இன்னும் என்ன?” என்று ஒரு தடவை எரிச்சலாகவும் சொன்னார். என் அம்மாவும் அதையேதான் சொன்னாள். குடிக்கிறாரா, அடிக்கிறாரா, ஏதோ ஒரு கம்ப்யூட்டர் சாமானுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கலாமா என்றாள். அவர்களுக்கு எப்படி விளக்குவது? ஒரு சாமானை எடுத்துக் கொடுத்ததை மன்னித்துவிடலாம். முதலாளி வீட்டில் நல்ல பேர் வாங்க ஆசைப்பட்டதையும் புரிந்துகொள்ள முடிகிறது. நான் என்னையே சந்தேகப்பட்டு எதிரில் உட்கார்ந்து அழுதபோது, காரணம் தெரிந்தும் அவர் என் தட்டில் சோறு வைத்துக்கொண்டிருந்தாரே, அதைத்தான் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். பேசிக்கொள்கிறோம், சிரிக்கிறோம்கூட. போன மாதம் ஒரு சாயங்காலம் அவர் வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தார். மேலே நல்ல மழை, ரோட்டில் மரம் சாய்ந்துவிட்டது, அதனால்தான் நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே சட்டையைக் கழற்றினார். எங்கள் வீட்டுப் பக்கம் மழை இல்லை. நான் தலையாட்டினேன். டீக்கு அடுப்பைப் பற்றவைத்தேன். பிறகு என்னை அறியாமலே அவருடைய பைக் நின்ற இடத்துக்குப் போய், சீட்டின் மேல் கையை வைத்துப் பார்த்தேன். ஈரமாக இருந்தது. திரும்பினால் அவர் கதவருகில் நின்றுகொண்டிருந்தார். என் கையைப் பார்த்தார். நான் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். டீ பொங்கிக்கொண்டிருந்தது.